புதுச்சேரியில் கொள்ளுத்தாத்தா காலத்து மெத்தை வீடு: இடிப்பதா, பழுது பார்ப்பதா?

மெத்தைவீட்டுப்பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் வைசியாள் வீதிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் குடும்ப வீடு இருக்கிறது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். நாலு குழி மனை, சதுர அடியில் சொன்னால் 2,300. தெருவை ஒட்டி மரத்தூண் வைத்த தாழ்வாரம், அதன் கீழே திண்ணை, உள்ளே நடை, நடை தாண்டினால் எட்டுத் தூண் சுற்றி நிற்கும் முற்றம், பின்னால் சமையல்கட்டு, கொல்லை, கிணறு. இதுவரை எல்லாம் நம் ஊர் வீடு மாதிரிதான். மாடி ஏறினால் வேறு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்ட மாதிரி இருக்கும். வளைவு ஜன்னல்கள், சாய்ந்த பட்டைகள் வைத்த ஜன்னல் கதவுகள், சுவரோடு ஒட்டிய சுண்ணாம்புத் தூண்கள், மொட்டைமாடியில் குட்டைத் தூண்கள் வரிசையாக நிற்கும் கைப்பிடிச் சுவர். சின்ன வயதில் மாடிக்கு 'துரை வீடு' என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம்.

கொள்ளுத்தாத்தா சைகோனில் வேலை பார்த்துத் திரும்பி வந்து கட்டிய வீடு என்று பாட்டி சொல்வார். 300 வருட வீடு என்று சித்தப்பா சொல்வார். இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு சென்னைக்கு வந்துவிட்டார். சித்தப்பாவும் சித்தியும் மட்டும் கீழே இருக்கிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மாடிக் கூடம் முழுக்க ஒழுகி, ஒரு தேக்குச் சட்டம் சுவரோரம் இறங்கிவிட்டது. அதிலிருந்து மாடியைப் பூட்டியே வைத்திருக்கிறோம். ஒரு என்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினோம். கையில் இருந்த சாவியால் சட்டத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு, "ஆயுசு முடிந்த வீடு சார், இடித்துவிட்டு மூணு மாடி எழுப்பினால் ஆளுக்கொரு வீடு கிடைக்கும்" என்றார். மொத்தம் ஐந்து நிமிடம் இருந்திருப்பார். இன்னொரு பக்கம் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர் 15 வருடக் குத்தகைக்குக் கேட்கிறார், முகப்பைப் 'பாரம்பரியமாக' வைத்துக்கொண்டு உள்ளே தன் வசதிக்கு மாற்றிக்கொள்வாராம்.

இடிக்க எனக்கு மனசில்லை, ஆனால் மனசை வைத்து மட்டும் முடிவெடுக்கவும் முடியாது. வீடு உண்மையில் எவ்வளவு பழசு, ஒழுகுகிற மெட்ராஸ் டெரஸை, அதாவது மரச்சட்டத்து மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய கூரையை, சரிசெய்ய முடியுமா, இப்படி ஒரு வீட்டில் யாராவது நிஜமாகவே குடியிருக்கிறீர்களா?

— — —

சுண்ணாம்புச்சுவர்:

தம்பி, நான் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன், புதுச்சேரியிலும் சில வீடுகள் செய்திருக்கிறேன். முதலில் சித்தப்பாவின் 300 வருடத்தை முடித்துவிடலாம்.

1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்ததும் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி, 1765 முதல் பழைய தெருக்கோட்டின் மேலேயே மறுபடி கட்டினார்கள். அதற்கு முந்தைய வீடு என்று காட்ட ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம். மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர், 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். ஊர் விழுவதற்கு நாலு நாள் முன்னால்தான் கண்ணை மூடினார். ஒரு தரம் போய்ப் பாருங்கள், கீழே செதுக்கிய மரத்தூண், மேலே வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புத் தூண், உங்கள் வீட்டுக்கு முப்பாட்டன் மாதிரி இருக்கும்.

உங்கள் பாட்டி சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சைகோன் பிரெஞ்சுக்காரர்களிடம் போனதே 1859இல். அங்கே வேலைக்குப் போன புதுச்சேரிக்காரர்கள் பணம் சேர்த்துத் திரும்பி வந்து வீடு எழுப்பியதெல்லாம் அதற்குப் பிறகுதான். கொள்ளுத்தாத்தா என்றால் 1900ஐ ஒட்டி இருக்கலாம். கீழ்க்கட்டு அதைவிடப் பழசாக இருந்து, சைகோன் பணத்தில் மாடி மட்டும் எழும்பியிருக்கவும் வாய்ப்புண்டு, இந்த ஊரில் அது சகஜம். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் கீழ்ச்சுவரும் மேல்சுவரும் சேருகிற இடத்தில் ஓரடிக்குப் பூச்சை உரித்துப் பாருங்கள். செங்கல் அளவு மாறினால் இரண்டும் வேறு வேறு காலம். தாழ்வாரத்து ஓட்டையும் ஒன்று கழற்றிப் புரட்டுங்கள். கையால் வனைந்த நாட்டு ஓடு என்றால் அது வேறு கதை. அடியில் அச்சு முத்திரையோடு மங்களூர் ஓடு இருந்தால், மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை வைத்ததே 1865இல், அதனால் கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஒன்று, கூரை பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம், ஓட்டை மட்டும் பார்த்து வீட்டுக்கே வயது சொல்லிவிடாதீர்கள்.

கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்று ஏன் கட்டினார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சு வீட்டைப் பாருங்கள், தெருவுக்கு உயரமான மதில், பெரிய கேட், வாழ்க்கையெல்லாம் உள்ளே. மேற்கே இருக்கும் நம் வீடு திண்ணையைப் போட்டு, அதற்கு நிழலாகத் தாழ்வாரத்தையும் இறக்கி, போகிற வருகிறவனை உட்காரச் சொன்னது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தாழ்வாரம் ஒட்டி ஒட்டி வந்ததால் வெயிலே படாமல் தெருக்கோடி வரை நடக்கலாம். பூஜை, சமையல், பிரசவம், சாவு எல்லாம் நடக்கிற கீழ்க்கட்டில் யாரும் கை வைக்கத் துணியவில்லை, ஊருக்கு அந்தஸ்தைக் காட்டும் மாடியில் துரை வீட்டு ஜன்னலை வைத்துக்கொண்டார்கள், காற்றும் நன்றாக வந்தது.

இப்போது ஒழுகலுக்கு வருகிறேன். மொட்டைமாடியில் யாராவது சிமெண்ட் போட்டார்களா? அநேகமாகப் போட்டிருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குச் சட்டங்களை நெருக்கமாக வைத்து, அதன் மேல் ஓரங்குல மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்தது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் போட்டு மூடினால் விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லாமல் ஓடிப் போய்ச் சட்டத்தின் முனையில், சுவருக்குள் சொருகியிருக்கும் அந்த அரையடியில் தங்கும். உங்கள் சட்டம் சுவரோரம் இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நான் ஊகிப்பது அதுதான். நடுச்சட்டம் இரும்பு மாதிரி இருக்கும், முனை மட்டும் பிஸ்கட் மாதிரி உதிரும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டத்தின் இரண்டு முனையிலும் குத்திப் பாருங்கள், எத்தனை போயிற்று என்று எண்ணி இங்கே எழுதுங்கள். அதுவரை இறங்கிய சட்டத்துக்குக் கீழே இரண்டு முட்டு கொடுத்து வையுங்கள், இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 2014 நவம்பரில் கடற்கரை மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், மழையில் அப்படியே விழுந்தது ஞாபகம் இருக்கும், அதுவும் ரொம்ப நாள் பராமரிக்காமல் போட்டு வைத்திருந்த கட்டடம்தான்.

— — —

முல்லாவீதிக்காரன்:

எல்லோரும் வைத்துக்கொள், வைத்துக்கொள் என்றுதான் சொல்வார்கள், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது இந்த மாதிரி வீட்டில்தான், தெற்கே முஸ்லிம் பகுதியில். அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழிப்பறை கொல்லைக் கோடியில். ராத்திரி மழையில் வாப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு முற்றம், கொல்லை என்று தாண்டிப் போய்வந்தது நான். முற்றத்துத் தண்ணீர் போகும் மதகு அடைத்துக்கொண்டால் கூடத்தில் கணுக்கால் ஆழத்துக்கு நிற்கும். அறை என்று பெயருக்குத்தான், ஒன்றுக்குள் ஒன்றாக எல்லாம் திறந்தே கிடக்கும், புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு ஒரு மூலை கிடையாது. வெளியூர்க்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள், ஒட்டடை அடிப்பது நம் வீட்டுப் பெண்கள். உங்கள் சித்தியைக் கேட்டீர்களா? உங்கள் கேள்வி முழுக்கத் தாத்தாவும் சித்தப்பாவும் என்ஜினியரும் வருகிறார்கள், அந்த வீட்டில் தினம் வேலை செய்கிறவர் வரவில்லை.

நாங்கள் ஏழு பேர் பங்காளிகள். கடைசியில் விற்றோம். இப்போது அங்கே நாலு மாடி நிற்கிறது. வருத்தம் உண்டா என்றால் உண்டு, நோன்புப் பெருநாள் அன்று அந்தத் தெரு வழியாகப் போக மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தில்தான் தங்கைகள் கல்யாணமும் என் படிப்பும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

குத்தகைக்காரர் விஷயத்தில் மட்டும் கவனம். முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றுவது என்றால் முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு ஏ.சி. மாட்டுவார்கள், தூணுக்கெல்லாம் கருப்பு வார்னிஷ் அடிப்பார்கள், அறைக்கு அறை குளியலறை. பழைய மரச்சட்டத்து மேலே ஐந்து குளியலறைத் தண்ணீர்! 15 வருடம் கழித்து உங்கள் கைக்கு வருவது என்னவாக இருக்கும் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் யோசியுங்கள்.

— — —

கொத்தனார்மகன்:

எங்கள் அப்பா 40 வருடம் கொத்து வேலை பார்த்தவர், வைசியாள் வீதி வேலையிலும் இருந்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் புதுச்சேரி அரசும் சேர்ந்து அந்த வீதியின் முகப்புகளைச் சரிசெய்தார்கள், இத்தாலியில் உர்பினோவும் பிரான்சில் வில்னேவ் சூர் லோத்தும் கூட்டாளி ஊர்கள். 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அப்பா சொல்வார், பாதித் தெருவில் தாழ்வாரத்தையே எடுத்துவிட்டுக் கான்கிரீட் சன்ஷேடு வைத்திருந்தார்களாம். தூணைப் புதிதாக நிறுத்தி ஓடு மேய்ந்தபோது முதலில் முணுமுணுத்த வீட்டுக்காரர்களே சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார ஆரம்பித்தார்களாம்.

ஆனால் அண்ணா, முகப்பில் ஆரம்பிக்காதீர்கள். காசு கையில் இருக்கும்போது எல்லோரும் வாசலுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், மேலே ஒழுகிக்கொண்டே இருக்கும். தலையில் இருந்து காலுக்கு வாருங்கள்.

முதலில் மொட்டைமாடி கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று, ஆலங்கன்று இருக்கிறதா பாருங்கள். பிடுங்கினால் போதாது, வேர் உள்ளே போயிருக்கும், சுவரை அந்த இடத்தில் பிரித்து எடுத்துத்தான் கட்ட வேண்டும். அப்புறம் சிமெண்டை உடைத்து எடுக்கணும். உளியும் சுத்தியும்தான், அதிர்கிற மெஷின் வைத்தால் கீழே இருக்கும் குத்துக்கல் கழன்று கொட்டும். இதில் அவசரப்படுகிற ஆளை வேலைக்கு வைக்காதீர்கள்.

சட்டத்து முனை போயிருந்தால் முழுச்சட்டத்தையும் தூக்கிப் போட வேண்டாம். கெட்டதை அறுத்து எடுத்துவிட்டு அதே பருமனில் பழைய தேக்கு வாங்கி ஒட்டுப் போட்டு போல்ட் முடுக்கலாம். வீடு இடிக்கிற இடங்களில் வாங்கிப் போட்டிருக்கும் பழைய மரக்கடையில் கிடைக்கும். கொடுமைதான், ஒரு வீடு செத்தால்தான் இன்னொரு வீட்டுக்கு மரம்.

மேலே ஜல்லி போடுவதுதான் பெரிய வேலை. சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றித் தண்ணீரில் ஊறப் போட்டு வைத்திருக்க வேண்டும், மூட்டையைப் பிரித்து அன்றைக்கே கலக்கிற சமாச்சாரம் கிடையாது. உடைத்த செங்கல் ஜல்லியோடு கலந்து மூணு, நாலு அங்குலம் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை நடுநடுவே தெளித்துக்கொண்டே இருக்கணும். கட்டை குதித்துத் திரும்பி வரும் வரைக்கும் தட்டணும் என்பது அப்பா கணக்கு. அதுக்கு மேலே சுர்க்கி, அதாவது செங்கல் தூள், கலந்த சுண்ணாம்பில் தட்டோடு. வாட்டம் சரியாக விழ வேண்டும், தண்ணீர் தூம்புக்கு ஓடிப் போகணும். தை பிறந்ததும் ஆரம்பித்தால் சித்திரைக்குள் முடித்துவிடலாம், நன்றாகக் காய்வதற்கும் நாள் கிடைக்கும். ஆடிக்கு மேல் தொடாதீர்கள், ஐப்பசி வந்தால் எல்லாம் கரைந்து போகும்.

செலவு சிமெண்ட் ஸ்லாபை விடக் கூடத்தான் வரும், பொய் சொல்ல மாட்டேன். பொருளைவிடக் கூலிதான் அதிகம். இந்தக் கட்டை தட்டுகிற பெண்களே இப்போது அங்கங்கே ஒரு சில குழுதான் இருக்கிறார்கள், என் அம்மாவும் ஒரு காலத்தில் தட்டியவர், முழங்கால் போனதுதான் மிச்சம். முழு மொட்டைமாடியையும் ஒரே வருடத்தில் செய்யத் தேவையில்லை. இந்த வருடம் கூடத்துக்கு மேல் மட்டும், அடுத்த வருடம் மற்ற அறைகள்.

— — —

நொத்தேர்பேத்தி:

கட்டடம் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், காகிதம் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டின் வயது தெரிய வேண்டுமென்றால் பெட்டியில் பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் (பத்திரம் எழுதிப் பதிந்து தரும் அதிகாரி) பத்திரம் இருக்கிறதா தேடுங்கள். எல்லை சொல்லும்போது வடக்கே இன்னார் வீடு, கிழக்கே இன்ன தெரு என்பதோடு ஓட்டு வீடா மெத்தை வீடா என்றுகூடச் சில பத்திரங்களில் எழுதியிருக்கும். பழைய தெருப்பெயர் வேறாக இருக்கும், குழம்பாதீர்கள். வைசியாள் வீதியையே எடுத்துக்கொள்ளுங்கள், கல்வே சுப்பராய செட்டியார் வீதி என்றும் எழுதுகிறார்கள்.

அதைவிட முக்கியம் பங்கு. தமிழ்நாட்டு வக்கீல் யாரிடமாவது கேட்டுவிட்டு 'பாட்டன் சொத்து, பேரனுக்கும் பிறப்பிலேயே பங்கு' என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். பிரெஞ்சுப் புதுச்சேரியில் நடந்த இந்து வழக்கப்படி தகப்பன் இருக்கும்வரை அவர்தான் முழுச் சொந்தக்காரர், மகனுக்குப் பிறப்பால் உரிமை கிடையாது. உங்கள் கொள்ளுத்தாத்தா சைகோன் போனவர் என்பதால் ரெனோன்சானாகவும் இருந்திருக்கலாம், அதாவது சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் எழுதிக்கொண்டவர். குடும்பப் பெயர் பிரெஞ்சு மாதிரி ஏதாவது இருக்கிறதா? அப்படியென்றால் வாரிசுக் கணக்கே வேறு. இடிப்பதோ குத்தகைக்கு விடுவதோ, புதுச்சேரிப் பத்திரம் படித்துப் பழகிய வக்கீலிடம் ஒரு முறை காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் நகர அமைப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இருந்தால் அந்த என்ஜினியர் சொன்ன மூணு மாடி நினைத்த மாதிரி எழும்பாது.

— — —

மெத்தைவீட்டுப்பேரன்:

எல்லோருக்கும் நன்றி. போன சனி ஞாயிறு போய்விட்டு வந்தேன்.

முதலில் முட்டு கொடுத்தோம், பாக்கு மரம் இரண்டு. அப்புறம் சுண்ணாம்புச்சுவர் அக்கா சொன்னபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஏறினேன். கூடத்தில் 14 சட்டம், அதில் நாலின் முனையில்தான் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகிறது, நாலும் ஒரே சுவர் பக்கம், மேலே பார்த்தால் அங்கேதான் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். மற்றதில் ஸ்க்ரூ டிரைவர் வளைகிறதே தவிர இறங்கவில்லை. சிமெண்ட் போட்டது யார் என்று கேட்டேன், அப்பாதானாம், 1990களில். அவர் ரொம்பப் பெருமையாகச் செய்த வேலை அது, அதனால் சித்தப்பா மெதுவாகத்தான் சொன்னார்.

படிக்கட்டுப் பக்கம் பூச்சை உரித்தோம். செங்கல் மாறுகிறது! கீழே சின்னதாக, மெல்லிசாக, கோணல்மாணலாக இருக்கிறது, மேலே கொஞ்சம் பெரிய ஒரே அளவுக் கல். மாடி சைகோன் பணம், கீழ்க்கட்டு அதற்கு முன்னால் யாருடையதோ. சித்தப்பா 'நான் அப்போதே சொன்னேன்' என்கிறார். 300ஐ 200ஆகக் குறைத்துக்கொள்ள மட்டும் சம்மதித்திருக்கிறார்.

முல்லாவீதிக்காரன் அண்ணாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சித்தியைக் கேட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், "முற்றம் இருக்கட்டும், வத்தல் எங்கே காய வைப்பேன்? ஆனால் நடைக்குப் பக்கத்து சாமான் அறையை உடைத்து ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுங்கள், அதுக்கப்புறம் உங்கள் தூணைப் பற்றிப் பேசலாம்" என்றார். ஆகவே தையில் இரண்டு வேலை, கழிப்பறையும் கூடத்துக் கூரையும். குத்தகைக்காரருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லியாயிற்று.

பத்திரம் கிடைத்தது, டிரங்குப் பெட்டியில் பாதி கரையான். பிரெஞ்சில் கையெழுத்து, அடியில் தமிழில் கொள்ளுத்தாத்தா பெயர் கோணலாக. நொத்தேர்பேத்தி அவர்களே, பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். கொத்தனார்மகன் தம்பி, கட்டை தட்டுகிற குழு ஒன்றின் தொடர்பு உங்கள் அப்பாவிடம் இருக்குமா? தைக்கு இன்னும் மூணு மாதம்தான் இருக்கிறது, சுண்ணாம்பை எப்போது ஊறப் போட வேண்டும்?

— — —

கொத்தனார்மகன்:

அப்பாவிடம் கேட்டேன். கிளிஞ்சல் சுண்ணாம்பாக வாங்கி இப்போதே குழியில் போட்டு மூடி வையுங்கள், ஊற ஊற நல்லது என்கிறார். குழுவுக்கு அவரே பேசுகிறாராம். தண்ணீர்த் தொட்டியை மட்டும் இந்த வாரமே இறக்கிவிடுங்கள் அண்ணா.